ஜப்பானியப் பேய்க்கு ஏன் தலைவிரி கோலம்? – கேள்வி பதில்

ஜப்பானியப் பேய்க்கதைகளைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்தவற்றில் ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டுப் பதில் எழுதியிருக்கிறேன்.

திருச்சியிலிருந்து: அக்கா, எந்த ஜப்பானியப் பேய்ப் படத்தைப் பார்த்தாலும் வெள்ளை உடை, முகத்தை மூடிய கருங்கூந்தல். அவர்களுக்கு வேறு பேயே கிடைக்காதா?

தாராளமாகக் கிடைக்கும். ஒற்றைக் கண்ணும் ஒற்றைக் காலும் உள்ள குடைப்பேய்கூட உண்டு. நீங்கள் சொல்வது 'யூரேய்', அதாவது இறந்த மனிதரின் ஆவி. அது பிணக்கோலத்திலேயே வருகிறது. வெள்ளை உடை பிணத்துக்கு உடுத்துவது. எடோ காலத்துப் (1603–1868) பெண்கள் முடியைத் தூக்கிக் கட்டி, சீப்பும் ஊசியும் செருகிக்கொள்வார்கள். அவிழ்ந்து கிடந்தால் அவள் படுத்த படுக்கையாக இருக்கிறாள், அல்லது போய்ச் சேர்ந்துவிட்டாள். இந்த உருவத்தை ஓவியத்தில் நிலைநிறுத்தியவர் என்று மாருயாமா ஓக்யோவைச் சொல்வார்கள். 1750 வாக்கில் அவர் வரைந்ததாகக் கருதப்படும் ஓயுகி என்ற பெண்ணின் ஆவி இடுப்புக்குக் கீழே மங்கி மறைந்துவிடும். அதற்குப் பிறகு ஜப்பானியப் பேய்க்குக் கால் முளைப்பது அபூர்வமாகிவிட்டது.

கோவையிலிருந்து: கூந்தலை வைத்து எழுதியதில் உங்களை உண்மையிலேயே நடுங்க வைத்தது எது?

யோசிக்கவே வேண்டாம், ஓய்வாவின் கதைதான். நான்காம் சுருயா நான்போகு எழுதி 1825இல் எடோ நகரில் (இன்றைய டோக்கியோ) மேடையேறிய 'யோத்சுயா கைதான்' என்ற கபுகி நாடகம். பிழைப்பற்ற சாமுராய் இயேமோனின் மனைவி ஓய்வா, பிள்ளை பெற்ற பச்சை உடம்புக்காரி. பக்கத்து வீட்டுப் பணக்காரர் தன் பேத்திக்கு இயேமோனைக் கட்டிவைக்க ஆசைப்பட்டு, பிரசவ மருந்து என்று சொல்லி நஞ்சை அனுப்புகிறார். அவள் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுக் குடிக்கிறாள். முகம் ஒரு பக்கம் வீங்கிக் கோரமாகிறது.

நடந்தது தெரிந்ததும் அவள் அலறிக்கொண்டு ஓடுவதில்லை. அந்த வீட்டுக்கே போய் 'நன்றி' சொல்லிவிட்டு வருகிறேன் என்கிறாள். நாலு பேர் முன்னால் போகிற குடும்பப் பெண் ஒழுங்காகப் போக வேண்டுமே! அக்கால வழக்கப்படி பல்லுக்குக் கறுப்புச் சாயம் பூசுகிறாள். பிறகு தாயின் நினைவாக வைத்திருக்கும் சீப்பை எடுத்துத் தலைவாருகிறாள். ஒவ்வொரு இழுப்புக்கும் முடி கொத்துக்கொத்தாக வருகிறது. மேடைக்கு அடியில் இருக்கும் ஆள் பலகைச் சந்து வழியாக இன்னும் இன்னும் முடியை மேலே தள்ளுவான். அவள் முன்னால் முடி குவிந்துகொண்டே போகும். உதிர்ந்த முடியை அவள் கையில் பிடித்து முறுக்கும்போது ரத்தம் சொட்டும்.

இந்த இடத்தில் அவள் இன்னும் சாகவில்லை என்பதைக் கவனியுங்கள். பேயாக வந்து அவள் செய்கிற எதுவும் இந்த ஒரு காட்சிக்கு உறை போடக் காணாது. இன்றைக்கும் இந்த நாடகத்தில் நடிப்பவர்கள் டோக்கியோவின் யோத்சுயாவில் உள்ள ஓய்வா கோயிலுக்குப் போய் வணங்கிவிட்டுத்தான் மேடையேறுவது வழக்கம்.

சேலத்திலிருந்து: வைக்கோல் பொம்மையில் ஆணி அடித்துச் செய்வினை வைப்பது சினிமாக்காரர்கள் கிளப்பிவிட்டதா?

இல்லை, பழைய வழக்கம். இரவு ஒரு மணிக்கும் மூன்று மணிக்கும் இடைப்பட்ட 'எருது நேர'த்தில் கோயிலுக்குப் போய், அங்குள்ள புனித மரத்தில் பொம்மையை வைத்து ஆணி அடிக்க வேண்டும். வெள்ளை உடை, மார்பில் கண்ணாடி. அடுப்பில் பாத்திரம் வைக்கும் மூன்று கால் உள்ள இரும்பு வளையத்தைக் கவிழ்த்துத் தலையில் மாட்டி, மூன்று கால்களிலும் மெழுகுவர்த்தி ஏற்றிக்கொள்ள வேண்டும். இப்படி ஏழு இரவு. யார் கண்ணிலாவது பட்டுவிட்டால் பலிக்காது.

இதற்குப் பேர்போனது கியோட்டோவுக்கு வடக்கே உள்ள கிஃபுனே கோயில். கைவிட்ட கணவனைப் பழிவாங்க அங்கே போன மனைவியின் கதைதான் 'கானாவா' என்ற 'நோ' நாடகம் (முகமூடி அணிந்து ஆடும் பழைய நாடக வகை). அதில் சோதிடர் அபே நோ செய்மேய் கணவனைக் காக்கப் பரிகாரப் பலிபீடம் அமைக்கிறார். மேடையில் அதன் மேல் கணவனுக்கு ஒரு தொப்பி, புது மனைவிக்கு ஒரு கற்றை முடி. அரக்கியாகிவிட்ட பழைய மனைவி அந்த முடியைக் கையில் சுற்றிப் பிடித்துக்கொண்டு அடிப்பாள். பார்க்கிற நமக்கு அங்கே இன்னொரு பெண் இருப்பதாகவே தோன்றும். கடைசியில் அவள் அழிவதில்லை. காலம் வரும், காத்திருக்கிறேன் என்று சொல்லி மறைகிறாள்.

முயன்று பார்க்கும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். சபித்ததற்காக இல்லாவிட்டாலும், கோயில் மரத்தைச் சேதப்படுத்தியதற்காகப் போலீஸ் பிடிக்கும்.

தஞ்சாவூரிலிருந்து: அம்மா, கிராமத்தையே பிடித்த சாபம், அதற்கு ஊர் கூடிச் சடங்கு என்று உண்மையில் ஏதாவது உண்டா? நான் விவசாயி.

அப்படியானால் இது உங்களுக்காகவே உள்ள கதை. சாய்தோ சானேமோரி என்ற வீரர், 1183இல் ஷினோஹாராப் போரில் இறந்தவர். வயது எழுபதைத் தாண்டிவிட்டது. கிழவன் என்று எதிரி இரங்கக் கூடாதென்று நரைமுடிக்குக் கருஞ்சாயம் பூசிக்கொண்டு போருக்குப் போனார். வெட்டிய தலையைக் கழுவியபோது சாயம் கரைந்து வெள்ளை முடி தெரிந்தது. குழந்தையாக இருந்தபோது அவரால் உயிர் பிழைத்த கிசோ யோஷினாகாதான் எதிர்ப்படைத் தலைவர். தலையைப் பார்த்து அவர் அழுதாராம்.

இதுவரை 'ஹெய்கே' என்ற பழைய போர்க் காவியம் சொல்வது. மிச்சத்தைச் சேர்த்தவர்கள் உழவர்கள். அவருடைய குதிரை நெல் தாளில் இடறி விழுந்ததால்தான் மாண்டார், அந்த ஆத்திரத்தில் நெல்லைத் தின்னும் பூச்சியாகப் பிறந்தார் என்றார்கள். தாளடியில் கூட்டமாக உட்கார்ந்து சாறு உறிஞ்சும் புகையான் வகைப் பூச்சிகளுக்குச் 'சானேமோரிப் பூச்சி' என்றே பெயர் வைத்தார்கள். 1732இல் மேற்கு ஜப்பானைப் பஞ்சத்தில் தள்ளியது இந்த வகைப் பூச்சிதான், ஆகவே பயத்துக்குக் காரணம் இருந்தது.

'முஷி ஒகுரி' என்பது அந்தச் சடங்கு. குதிரை மேல் வீரன் உட்கார்ந்திருப்பது போல வைக்கோலில் பொம்மை கட்டி, இருட்டியபின் தீப்பந்தம், மேளம், மணியோடு வரப்பு வழியே ஊர் எல்லை வரை கொண்டுபோய் எரிப்பார்கள், அல்லது ஆற்றில் விடுவார்கள். எதிரியைத் துரத்துகிற மாதிரி இல்லாமல், விருந்தாளியை மரியாதையோடு வழியனுப்புகிற மாதிரி நடக்கும். சில ஊர்களில் இன்றும் நடக்கிறது.

நெல்லையிலிருந்து: மந்திரவாதி வந்து பேயை அடித்து விரட்டும் காட்சியே இந்தக் கதைகளில் குறைவாக இருக்கிறதே?

பெரிய பேய்களிடம் அது செல்லாது, சமாதானம்தான் பேச வேண்டும். அரண்மனைச் சூழ்ச்சியால் நாடுகடத்தப்பட்ட அறிஞர் சுகாவாரா நோ மிச்சிசானே 903இல் இறந்தார். 930இல் அரண்மனையில் இடி விழுந்து ஆட்கள் செத்ததும் அவர் வேலைதான் என்று நடுங்கிப்போனார்கள். 947இல் கியோட்டோவில் கிட்டானோ கோயில் எழும்பியது. இன்று பரீட்சைக்குப் போகும் பிள்ளைகள் அவரிடம்தான் வேண்டிக்கொள்கிறார்கள். நீதி கேட்டு வரும் பேய்க்கு நீதி செய்யும் இந்த வழி எனக்கு மிகவும் பிடித்தது. வீடியோ நாடாவைப் பார்த்தவனையெல்லாம் கொல்லும் நவீனப் பேய்களிடம் இந்தப் பேச்சுவார்த்தைக்கே இடமில்லை. அங்கேதான் எனக்கு ஆர்வம் குறைகிறது.

சென்னையிலிருந்து: இணையத்தில் சுற்றும் 'எட்டடிப் பெண்' கதையில் வரும் கிராமம் எங்கே இருக்கிறது?

எங்கும் இல்லை. 2008 வாக்கில் யாரோ பெயரில்லாமல் எழுதிப் போட்டது. அதில் வருகிற ஊர் எல்லையில் வைக்கும் ஜிசோ (பௌத்தக் காவல் தெய்வம்) சிலைகளும் அறை மூலைகளில் உப்புக் குவிப்பதும் மட்டும் உண்மையான வழக்கங்கள். எழுதியவர் கைகாரர்.

ஈரோட்டிலிருந்து: அப்படியானால் ஜப்பானில் பெண்ணின் முடி என்றாலே அபசகுனமா?

இல்லவே இல்லை. கியோட்டோவின் ஹிகாஷி ஹொங்கான்ஜி கோயிலை 1880 தொடங்கி 1895 வரை திரும்பக் கட்டியபோது, பெரிய உத்தரங்களை இழுத்த சாதாரணக் கயிறுகள் அறுந்துகொண்டே இருந்தன. நாடெங்கும் பக்தைகள் தங்கள் கூந்தலை வெட்டி அனுப்பினார்கள். அதைச் சணலோடு சேர்த்துத் திரித்த கயிறுகள் மொத்தம் 53. அவற்றில் ஒன்றைக் கோயிலில் சுருட்டி வைத்திருக்கிறார்கள்: நீளம் 69 மீட்டர், எடை 375 கிலோ. கியோட்டோ ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம், நுழைவுக் கட்டணம் கிடையாது.