வாசகர் கேள்வி – பதில்: பத்தாக் மண்ணில் பத்தாக் போதகர்

கேள்வி: இந்தோனேசியாவில் வடக்குச் சுமத்திராவின் பத்தாக் மக்களிடையே கிறிஸ்தவம் பரவியதைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் நொம்மென்சென் என்ற ஜெர்மானிய மிஷனெரியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அந்த இனத்திலிருந்தே எழுந்த போதகர்கள் எப்போது வந்தார்கள்? அவர்களுடைய ஊழியம் எத்தகையது?

பதில்: உங்கள் மனக்குறை நியாயமானது. நொம்மென்சென் பெரிய மனிதர்தாம். ஆனால் மலைப்பாதைகளில் ஊர் ஊராக நடந்து, பிள்ளைகளுக்கு எழுத்தும் பெரியவர்களுக்கு ஞானோபதேசமும் கற்பித்தவர்களில் மிகப் பெரும்பாலோர் பத்தாக் உபதேசியார்களே. அவர்களுக்கு அங்கே 'குரு ஹுரியா', அதாவது சபையின் குரு, என்று பெயர். போதகருக்குப் பெயர் 'பண்டிதா'. கடவுளைக் குறிக்க வேதாகம மொழிபெயர்ப்பில் இடம்பெற்ற சொல் 'தெபாத்தா'. நம் 'தேவதை'க்கும் அதற்கும் வேர் ஒன்றுதான். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நொம்மென்சென் 1862இல் சுமத்திராவுக்கு வந்து முதலில் தங்கியிருந்த பாருஸ் கடற்கரைப் பகுதியில்தான், கர்ப்பூர வணிகத்துக்காக வந்த தமிழ் வணிகக் குழுவினர் 1088ஆம் ஆண்டில் தமிழ்க் கல்வெட்டு ஒன்றை நாட்டிச் சென்றிருக்கிறார்கள். இது கேள்விக்கு நேரடித் தொடர்பில்லாத செய்தி, ஆனாலும் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

தொடக்கக் கதை சுருக்கமானது. 1834இல் மன்சன், லைமன் என்னும் இரு அமெரிக்க மிஷனெரிகள் லோபு பினிங் என்ற இடத்தில் கொல்லப்பட்டார்கள். 1861 அக்டோபர் 7ஆம் நாள் நான்கு மிஷனெரிகள் சிப்பிரோக் பகுதியில் கூடிப் பணியைப் பிரித்துக்கொண்டார்கள். 'ஹுரியா கிறிஸ்தென் பத்தாக் புரோத்தெஸ்தான்' என்ற பத்தாக் புரொட்டஸ்டண்ட் திருச்சபை அந்த நாளையே தன் பிறந்த நாளாகக் கொண்டாடுகிறது. பிறகு சிலிந்துங் பள்ளத்தாக்கில் நொம்மென்சென் அமைத்த முதல் கிறிஸ்தவ ஊருக்கு 'ஹுதா தாமே', அதாவது சமாதான ஊர், என்று பெயரிட்டார். பெயர் இனிமையானது, காரணம் கசப்பானது. ஞானஸ்நானம் பெற்றவர்கள் முன்னோர் வழிபாட்டு விருந்துக்குத் தம் பங்கைக் கொடுக்க மறுத்தார்கள். பங்கு கொடாதவன் பங்காளி ஆகமாட்டான் என்று ஊரார் அவர்களை விலக்கி வைத்தார்கள். போக்கிடம் இல்லாதவர்களுக்காக எழுந்ததே அந்த ஊர். ஆனால் ராஜா பொந்தாஸ் லும்பந்தோபிங் போன்ற தலைவர்கள் சபைக்குள் வந்தபின் நிலைமை தலைகீழானது. தனி ஆட்கள் உறவை விட்டுச் சபைக்கு வந்த காலம் போய், உறவுமுறை முழுவதும் திரண்டு சபைக்குள் வந்தது. பத்தாக் போதகர் ஊழியம் செய்ய வேண்டியிருந்தது இப்படி உருவான சபையில்தான்.

உபதேசியார்களாகத் தேர்ந்தவர்களைப் பொறுக்கியெடுத்து, 1883 முதல் பன்சுர் நப்பித்து பயிற்சிக் கல்லூரியில் மேற்படிப்புக் கொடுத்தார்கள். யோஹானஸ் சிரேகார், மார்க்குஸ் சிரேகார், பெத்ருஸ் நசுத்தியோன் ஆகிய மூவரும் 1885இல் முதல் பத்தாக் போதகர்களாக அபிஷேகம் பெற்றார்கள். 1899இல் பத்தாக் கிறிஸ்தவர்கள் தங்களுக்கென்றே ஒரு மிஷனெரிச் சங்கத்தையும் தொடங்கினார்கள். எனினும் தலைமை ஜெர்மானியர் கையிலேயே இருந்தது. 1940 மே மாதத்தில் ஜெர்மனி நெதர்லாந்தின்மேல் படையெடுத்தபோது, டச்சு அரசு தன் குடியேற்ற நாட்டிலிருந்த ஜெர்மானிய மிஷனெரிகளைச் சிறைப்பிடித்தது. அந்த இடத்தில் டச்சுக்காரர் வந்து அமர்வதைப் பத்தாக் போதகர்கள் ஏற்கவில்லை. ஜூலையில் கூடிய மாமன்றம் போதகர் க. சிராயித்தை 'எஃபோருஸ்' என்னும் தலைமைப் பேராயர் பதவிக்குத் தேர்ந்தெடுத்தது. முதல் அபிஷேகத்துக்கும் இதற்கும் இடையில் 55 ஆண்டுகள் கடந்தன என்பதைக் கவனியுங்கள். திறமையானவர்கள் இல்லாமல் இவ்வளவு காலம் ஆனதாக நான் நம்பவில்லை. பொறுப்பை ஒப்படைக்க மனம் வராமல் ஆனதாகவே தோன்றுகிறது.

கேள்வி: சொந்த உறவினர் நடுவே ஊழியம் செய்யும் போதகர் எப்படி நடுநிலையாக இருக்க முடியும்? பத்தாக் மக்களிடம் குலப்பற்று மிக வலுவானது என்கிறார்களே?

பதில்: அவர்களுடைய உறவுமுறையைப் புரிந்துகொள்ளத் தமிழ் வாசகருக்கு அதிக விளக்கம் தேவைப்படாது. ஒவ்வொருவருக்கும் தந்தைவழி வரும் 'மார்கா' என்ற குலப்பெயர் உண்டு. ஒரே மார்காவுக்குள் மணம் செய்யக் கூடாது. தாய்மாமன் மகளே உரிமைப் பெண். சமூகம் முழுவதும் 'தாலிஹான் நா தோலு', அதாவது அடுப்பின் மூன்று கற்கள், என்ற அமைப்பின்மேல் நிற்கிறது. பெண் கொடுத்த வீட்டார் 'ஹுலா-ஹுலா'; பங்காளிகள் 'தொங்கான் துபு'; பெண் எடுத்த வீட்டார் 'போரு'. பெண் கொடுத்தவரை வணங்கு, பங்காளியிடம் கவனமாய் இரு, பெண் எடுத்தவரிடம் அன்பாய் நட என்பது அங்குள்ள முதுமொழி. விருந்தில் இறைச்சிப் பங்கு பிரிப்பதும், யார் பின் யார் பேசுவது என்பதும் இந்த முறைப்படியே நடக்கும்.

இப்போது போதகரின் நிலையை எண்ணிப் பாருங்கள். ஞாயிறு காலையில் பலிபீடத்தின்முன் நின்று சபையார் அனைவருக்கும் ஆசீர்வாதம் கூறுகிறவர், அடுத்த நாள் தம் மனைவியின் பிறந்த வீட்டார் நடத்தும் விருந்துக்குப் போனால் அங்கே அவர் போரு. முறைப்படி பார்த்தால் பணிவிடை செய்ய வேண்டிய பக்கத்தைச் சேர்ந்தவர். தங்கையின் கணவர் வீட்டுக்குப் போனாலோ அவரே ஹுலா-ஹுலா. ஆகவே நடுநிலை என்று நீங்கள் கேட்கும் இடம் பத்தாக் சமூகத்தில் இல்லவே இல்லை. யாருக்கும் உறவாகாத மனிதர் என்று அங்கே ஒருவரும் கிடையாது. புதிதாகச் சந்திக்கும் இருவர் முதலில் மார்காவைக் கேட்டு உறவுமுறை கண்டுபிடித்த பிறகுதான் பேச்சையே தொடங்குவார்கள். போதகரும் அதற்கு விலக்கல்ல.

இதில் உறவுச் சலுகையைவிட ஆழமான சிக்கல் ஒன்று இருக்கிறது. பழைய நம்பிக்கைப்படி பெண் கொடுத்த வீட்டாரே பிள்ளைப்பேற்றுக்கும் செழிப்புக்கும் ஊற்று. அவர்களைக் 'கண்ணுக்குத் தெரியும் தெபாத்தா' என்றே சொல்வார்கள். அவர்கள் 'உலோஸ்' என்ற கைத்தறி ஆடையை மணமக்களின் தோள்மேல் போர்த்தும்போது ஆசி இறங்குகிறது என்பது மரபு. திருமணத்தன்று காலையில் ஆலயத்தில் போதகர் ஆசீர்வதிக்கிறார். அதன்பின் நடக்கும் 'அதாத்', அதாவது குலமரபு, விருந்தில் உலோஸ் ஒன்றன்பின் ஒன்றாகத் தோளில் விழுகிறது. அதாத் முடிக்காத தம்பதியை உறவினர்கள் முழுமையாக மணமானவர்களாகக் கருதுவதில்லை. பல ஆண்டுகள் கழித்தாவது அந்தக் கடனைத் தீர்க்கும்படி வற்புறுத்துவார்கள். அப்படியானால் ஆசி வந்தது எங்கிருந்து? அயல்நாட்டு மிஷனெரி இந்தக் கேள்வியைப் புத்தகத்தில் எழுதிவிட்டுப் போய்விடலாம். பத்தாக் போதகரோ தம் சொந்தத் தோளிலும் உலோஸ் போர்த்தப்பட்டவராயிற்றே!

அதனால் அவர்கள் கண்ட வழி, இரண்டையும் கலக்காமல் வரிசைப்படுத்துவது. சபையின் செயல் தனி, அதாத் தனி. அடக்க நாளில் அதாத் சடங்குகள் முடிந்தபின் உடலைச் சபையிடம் ஒப்படைத்துவிட வேண்டும். அங்கிருந்து கல்லறைவரை நடப்பது வழிபாட்டு நூலின்படியே. முன்னோரின் எலும்புகளைத் தோண்டியெடுத்துப் புதிய கல்லறையில் வைக்கும் 'மங்கோங்கால் ஹோலி' என்ற சடங்குக்கும் திருச்சபை நிபந்தனையோடு இடம் கொடுக்கிறது. இறந்தவரிடம் வரம் கேட்கக் கூடாது, படையல் வைக்கக் கூடாது, தொடக்கமும் முடிவும் சபையின் ஜெபமாக இருக்க வேண்டும். ஆவிகளை அழைக்கும் இசை என்று கருதி 'கொந்தாங்' மேளத்தை மிஷனெரிகள் தடுத்தார்கள். ஜெர்மானியர் கற்றுக்கொடுத்த பித்தளை வாத்தியங்கள் அதன் இடத்தைப் பிடித்து இன்று துக்க வீடுகளில் பத்தாக் இசையாகவே ஒலிக்கின்றன. காலப்போக்கில் கொந்தாங்கும் திரும்பி வந்துவிட்டது. எது வழிபாடு, எது வெறும் மரபு என்று கோடு கிழிக்கிற வேலை, உள்ளூர்ப் பேச்சின் நுட்பம் தெரிந்தவரால் மட்டுமே ஆகும். ஒரு முதியவர் விருந்தில் 'உம்பாசா' என்னும் பழமொழிச் செய்யுளைச் சொல்லும்போது அது வாழ்த்தா, முன்னோரிடம் வேண்டுதலா என்பதை அகராதி சொல்லாது. அந்த முறையைப் பூசி மெழுகுதல் என்று சொல்பவர்கள் உண்டு. உலோஸைத் தீயிட வேண்டும் என்று கற்பித்த ஊழியக்காரர்களும் அங்கே உண்டு. என் கருத்தில், உலோஸைத் தீயிடுவது எளிது. அதைப் போர்த்தும் மாமனாரோடு உட்கார்ந்து ஜெபிப்பதுதான் கடினம்.

உங்கள் கேள்வியின் நேரடிப் பகுதிக்கும் விடை உண்டு. போதகர்களை நியமிப்பதும் மாற்றுவதும் தாருத்துங் அருகே பெயாராஜாவிலுள்ள தலைமை அலுவலகம். நம் சேகரம் போல, பல சபைகள் சேர்ந்த 'ரெசோர்த்' ஒன்று போதகரின் பொறுப்பில் இருக்கும். ஆனால் 'சிந்துவா' எனப்படும் மூப்பர்கள் சம்பளமின்றி உள்ளூரிலேயே இருப்பவர்கள். குலங்களின் செல்வாக்கு பெரும்பாலும் அவர்கள் வழியாகத்தான் சபைக்குள் வருகிறது. 1992 டிசம்பரில் இராணுவ அதிகாரம் தலையிட்டுத் திருச்சபைக்குத் தற்காலிகத் தலைவரை நியமித்தபோது, அதுவரை எஃபோருஸாக இருந்த எஸ். ஏ. இ. நபாபான் பக்கம் ஒரு சாரார், எதிர்ப்பக்கம் ஒரு சாரார் என்று ஊர்களும் குடும்பங்களுமே பிளந்தன. 1998இல் அதிபர் சுகார்த்தோ ஆட்சி விழுந்த பிறகே ஒப்புரவு கைகூடியது.

கேள்வி: தன் இனத்துக்கு மட்டும் ஊழியம் செய்வது குறுகிய மனப்பான்மை ஆகாதா?

பதில்: ஆகலாம். முதலில் 'தன் இனம்' எது என்று கேட்க வேண்டும். தோபா, காரோ, சிமலுங்குன், பாக்பாக், அங்கோலா, மண்டைலிங் எனப் பத்தாக் மக்கள் பல பிரிவினர். மண்டைலிங் மக்களில் மிகப் பெரும்பாலோர் முஸ்லிம்கள். சிமலுங்குன் பகுதியில் 1903இல் பணி தொடங்கியபோது உபதேசியார்கள் தோபா மொழிப் புத்தகங்களோடு வந்தார்கள். பாடல், பாடம், ஜெபம் எல்லாமே தோபா மொழி. ஜெர்மானியர் கண்ணுக்கு எல்லாரும் பத்தாக். சிமலுங்குன் விவசாயிக்கோ அது பக்கத்து வீட்டான் பேச்சு. அந்த மக்களில் முதன்முதலாக 1929இல் போதகரான ஜெ. விஸ்மார் சராகி, அதற்கு முந்தைய ஆண்டே சிமலுங்குன் மொழியில் நூல்கள் வெளியிட ஒரு குழுவை அமைக்க முன்னின்றவர். புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்தார், அகராதியும் தொகுத்தார். மொழிக்காக அவர் போராட வேண்டியிருந்தது அயல்நாட்டாரோடு மட்டுமல்ல, தோபா சகோதரர்களோடும்தான். 1963இல் சிமலுங்குன் திருச்சபை தனியே நின்றது.

காரோ மக்களின் கதை வேறு விதம். 1890இல் அங்கே டச்சு மிஷன் வந்ததற்குப் புகையிலைத் தோட்ட முதலாளிகளின் பணம் பின்னணியில் இருந்தது; மக்களும் அதை டச்சுக்காரன் மதம் என்றே பார்த்தார்கள். ஐம்பது ஆண்டு உழைத்தும் பலன் சொற்பம். 1941இல்தான் முதல் இரண்டு காரோ போதகர்கள் அபிஷேகம் பெற்றார்கள். பெருவளர்ச்சி நாடு விடுதலை பெற்ற பிறகு, காரோ ஊழியர்களின் கையில் நடந்தது. 1965க்குப் பிறகு, மதம் இல்லாதவன் கம்யூனிஸ்ட் என்று சந்தேகிக்கப்பட்ட அச்சமும் கூட்டத்தைப் பெருக்கியது; அதை மறைக்கக் கூடாது.

கேள்வி: பத்தாக் சபையில் பெண் போதகர்கள் உண்டா?

பதில்: உண்டு. பத்தாக் புரொட்டஸ்டண்ட் திருச்சபையில் 1986இல் முதல் பெண் போதகர் அபிஷேகம் பெற்றார். அதற்கு வெகு காலம் முன்பே 'பிபெல்வ்ரோவ்' என்ற வேதாகமப் பெண் ஊழியர்கள் வீடு வீடாகப் பணி செய்துவந்தார்கள். ஆலயத்தில் பிரசங்கமும் திருவிருந்தும் இப்போது பெண் போதகர் கையில். ஆலயத்துக்கு வெளியே அதாத் விருந்தில் குலத்தின் சார்பாக எழுந்து பேசுகிறவர்களோ இன்றும் பெரும்பாலும் ஆண்களே. காலையில் அவரிடம் ஆசீர்வாதம் வாங்கிய அதே மாமன்மார்கள்தாம் மாலையில் பேசுகிறார்கள்.