பழைய மர அலமாரிக்கு நாமே நிறம் கலந்து பெயிண்ட் அடிக்கலாமா, கடையில் மெஷினில் கலந்து வாங்குவதுதான் நல்லதா?

தாராளமாக அடிக்கலாம். ஆனால் டின்னைத் திறப்பதற்கு முன்னால் ஒரு நோட்டும் பேனாவும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

முதலிலேயே ஒன்று. நான் பெயிண்டர் இல்லை. தொழிலாகச் செய்கிறவர்கள் கண்ணளவிலேயே நிறத்தைப் பிடித்துவிடுவார்கள், அவர்களோடு வாதாட நான் வரவில்லை. வீட்டில் இருந்த சாமான்களில் இதுவரை ஒன்பதோ பத்தோ அடித்திருக்கிறேன். அதில் இரண்டு சொதப்பி, சுரண்டி, மறுபடி அடித்தவை. அந்த அளவு அனுபவம்தான். 'பழசுக்கு இவ்வளவு மெனக்கெடுவதற்குப் புதுசே வாங்கலாமே' என்று எழுத வருகிறவர்கள் தயவுசெய்து வேறு பதிலுக்குப் போய்விடுங்கள். கேட்டவர் அதைக் கேட்கவில்லை.

நீங்கள் கேட்கிற விதத்தைப் பார்த்தால், வீட்டில் பாதி பாதியாக மிஞ்சிய டின்கள் நாலைந்து இருக்கும், ஷேட் கார்டில் எதுவும் மனசுக்குப் பிடித்திருக்காது என்று நினைக்கிறேன். எனக்கும் அப்படித்தான் ஆரம்பித்தது.

அம்மாவின் ஆறு டிராயர் அலமாரி. உயரம் 120 செ.மீ., அகலம் 80, ஆழம் 45. இந்த அளவு எனக்கு இன்றைக்கும் மனப்பாடம், காரணம் அப்புறம் வரும். பழைய வார்னிஷ் கறுத்து, கைப்பிடிகளைச் சுற்றி வழவழவென்று பிசுக்கேறிக் கிடந்தது. காயத் தொடங்கிய இலையைத் திருப்பினால் அடிப்பக்கத்தில் சாம்பல் பூத்த மாதிரி ஒரு பச்சை தெரியுமே, அந்த நிறம் வேண்டும் என்று மனசில் விழுந்துவிட்டது. கையில் இருந்தது தண்ணீரில் கரையும் வெள்ளை அக்ரிலிக் எனாமல், ஒரு மஞ்சள் ஸ்டெய்னர் (பெயிண்டில் கலந்து நிறமேற்றும் அடர்ந்த சாயக் குப்பி), ஒரு கறுப்பு ஸ்டெய்னர், எப்போதோ வாங்கிய ஓவிய டியூபில் மிஞ்சிய நீலம்.

நீலமும் மஞ்சளும் சேர்ந்தால் பச்சை என்று பள்ளியில் படித்ததை நம்பி இறங்கினேன். பச்சை வந்தது, பிளாஸ்டிக் வாளிப் பச்சை. அதை அடக்க வெள்ளை ஊற்றினேன். வெளிறியதே தவிர அடங்கவில்லை. வெள்ளை சேர்த்தால் நிறம் வெளுக்கும், அதன் கூச்சல் நாம் நினைக்கிற மாதிரி குறையாது. கறுப்பைத் தொட்டேன், அழுக்காகிவிட்டது. கடைசியில் எங்கோ படித்தது ஞாபகம் வந்து, அலமாரிக்குள் கிடந்த ஒரு சிவப்பை ஈர்க்குச்சி நுனியில் எடுத்துக் கலக்கினேன். கலக்கக் கலக்க அந்தக் கூச்சல் அப்படியே இறங்கி, நான் கேட்ட இலை வந்து நின்றது. பச்சையை மட்டுப்படுத்த அதற்கு எதிர்நிறமான சிவப்பு. ஆரஞ்சு துள்ளினால் நீலம், மஞ்சள் துள்ளினால் ஊதா. துளி போதும், அதிகமானால் சேற்று நிறம்தான்.

இதில் நான் கவனிக்காத விஷயம், ஒவ்வொரு திருத்தத்துக்கும் அளவு பெருகிக்கொண்டே போனது. ஒரு குவளையில் தொடங்கியது 450 மில்லியில் வந்து நின்றது. போதும், தாராளம் என்று நினைத்துக்கொண்டேன். டின் மூடியில் பென்சிலால் எழுதியும் வைத்தேன்: 'வெள்ளை 8 ஸ்பூன், மஞ்சள் 2, நீலம் 1, கறுப்பு கொஞ்சம்.' அது முதல் குவளையின் கணக்கு. அதற்குப் பிறகு ஊற்றியது எதுவும் அதில் இல்லை, சிவப்பு இல்லவே இல்லை. ஸ்பூனின் முதுகில் எவ்வளவு பெயிண்ட் ஒட்டியிருந்தது என்பதும் கடவுளுக்கே வெளிச்சம்.

பக்கங்களுக்கும் மேல்பலகைக்கும் இரண்டு கோட். டிராயர் முகப்புகளுக்கு முதல் கோட். இரண்டாவது கோட்டில் இரண்டு டிராயர் முடித்து மூன்றாவதில் பாதி வரும்போது பிரஷ் டின்னின் அடியைச் சுரண்டியது. ஒரு சின்னக் குப்பி அளவு, மிஞ்சிப்போனால் 50 மில்லிதான் குறை.

கணக்கைப் பிறகு உட்கார்ந்து போட்டேன், வயிற்றெரிச்சலோடு. முகப்பு 0.96 சதுர மீட்டர், இரண்டு பக்கமும் சேர்த்து 1.08, மேல்பலகை 0.36. மொத்தம் 2.4. இரண்டு கோட் என்றால் 4.8. வழவழப்பான பரப்பில் ஒரு லிட்டர் ஒரு கோட்டுக்கு ஏறக்குறைய 10 சதுர மீட்டர் வரும் என்று வைத்தால் 480 மில்லி. பிரஷ்ஷில் தங்குவது, பரிசோதனை அட்டைகளுக்குப் போவது, பிறகு கீறல் விழுந்தால் தொட்டுக்கொள்ள என்று ஐந்தில் ஒரு பங்கு கூட்டினால் 575. இந்த ஐந்து நிமிடக் கணக்கை முன்னாலேயே போட்டிருந்தால் இந்தப் பதிலே எழுத வேண்டியிருந்திருக்காது. உங்கள் அலமாரியை இன்றைக்கே டேப் வைத்து அளந்துவிடுங்கள்.

சரி, மறுபடி கலக்க உட்கார்ந்தேன். நீல டியூப் தீர்ந்துவிட்டது. நீலம்தானே என்று வேறொரு நீலத்தை எடுத்தேன். நீலத்தில் எத்தனை சாதி என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அல்ட்ராமரைன் ஊதாப் பக்கம் சாயும், அதோடு மஞ்சள் சேர்ந்தால் மங்கலான பச்சை. தாலோ நீலம் பச்சைப் பக்கம் சாயும், பளீரென்று அடிக்கும், வீரியமும் பயங்கரம், நாலு துளியில் ஒரு டின்னையே திருப்பிவிடும். முதலில் தீர்ந்தது ஒன்று, இரண்டாவது எடுத்தது மற்றொன்று. இருந்தாலும் விடவில்லை. ராத்திரி பத்து மணி வரைக்கும் துளித்துளியாகச் சேர்த்து, பல்பு வெளிச்சத்தில் பழைய டிராயரோடு ஒட்டிப் பார்த்து, அசல் இதுதான் என்று மனசு ஒப்பிய பிறகு மிச்சம் மூன்றரை டிராயரையும் அடித்துவிட்டுத் தூங்கினேன்.

காலையில் ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தால் மேலே இரண்டரை டிராயர் ஒரு பச்சை, கீழே மூன்றரை வேறு பச்சை. மூன்றாவது டிராயரில் நடுவில் கோடு போட்ட மாதிரி.

அண்ணன் அன்றைக்கென்று பார்த்து வந்தார். "என்னம்மா, ரெண்டு கலரா அடிச்சிருக்கே, டிசைனா?" என்றார்.

இரண்டு தப்பு சேர்ந்துவிட்டது. ஒன்று, ஈரப் பெயிண்டைக் காய்ந்த பெயிண்டோடு ஒப்பிட்டேன். தண்ணீரில் கரையும் பெயிண்டில் பிசின் ஈரத்தில் பால் மாதிரி வெளுத்திருக்கும், காயும்போது தெளிந்துவிடும். அதனால் காய்ந்ததும் நிறம் ஒரு படி அழுத்தமாகும். ஈரத்தில் சரியாக இருந்தால் காய்ந்ததும் சரியாக இருக்காது. இரண்டாவது, வெவ்வேறு நிறமிகளில் செய்த ஒரே மாதிரி நிறங்கள் ஒரு விளக்கில் ஒத்துப்போகும், இன்னொரு வெளிச்சத்தில் பிரிந்துவிடும். இதற்கு மெட்டாமெரிசம் என்று பெயர். மஞ்சள் பல்பு இரண்டையும் ஒன்றாகக் காட்டியது, பகல் காட்டிக்கொடுத்துவிட்டது. எனவே நிறம் பார்ப்பது பகலில் ஒரு தடவை, அந்தச் சாமான் நிற்கப்போகும் இடத்தில் ராத்திரி விளக்கில் ஒரு தடவை.

அந்த இடத்திலேயே பார்க்க வேண்டும் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 1824இல் பாரிஸின் கோப்லான் நெசவுக்கூடத்துச் சாயப் பிரிவுக்குப் பொறுப்பேற்றவர் மிஷேல் எஜேன் ஷெவ்ரல் என்ற வேதியியலாளர். கறுப்பு நூல் எடுப்பாக இல்லை, சாயம் சரியில்லை என்று புகார் வந்திருக்கிறது. ஆராய்ந்து பார்த்தால் சாயத்தில் குறை இல்லை, பக்கத்தில் வைத்து நெய்த நிறங்கள்தான் கறுப்பை மங்கலாகக் காட்டியிருக்கின்றன. 1839இல் இதை விரிவாக எழுதி வெளியிட்டார். என் அலமாரிக்கு எதிரே செங்கல் நிறக் கம்பளம் ஒன்று கிடந்தது. அதன் பக்கத்தில் அந்தச் சாம்பல் பச்சை நான் கலந்ததைவிடப் பச்சையாகத் தெரிந்தது. கம்பளத்தைச் சுருட்டிவிட்டுப் பார்த்தால் நிறம் அடங்கிவிட்டது. பெயிண்டைத் திட்டுவதற்கு முன் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பார்ப்பது நல்லது.

எப்படிச் சரிசெய்தேன் என்றால், ஆறு முகப்பையும் லேசாக உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிட்டு, முகப்புகளுக்கு மட்டும் புதிதாக ஒரே கலவை. பக்கங்களும் மேல்பலகையும் பழைய கலவையிலேயே இருக்கட்டும் என்று விட்டேன். முகப்பும் பக்கமும் மூலையில் சந்திக்கின்றன. அங்கே எப்படியும் வெளிச்சம் வேறு கோணத்தில் விழும், கண் ஒரு சின்ன வித்தியாசத்தை எதிர்பார்த்தே இருக்கும். பெயிண்ட் தீர்ந்து கலவை மாறியாக வேண்டும் என்றால் மூலையில் மாற்றுங்கள், பலகையின் நடுவில் மாற்றாதீர்கள்.

இந்த மூன்றாவது தடவை நீலத்தைத் தொடவே இல்லை. காவி சாயலுள்ள மஞ்சள் ஆக்சைடோடு கறுப்பு சேர்த்தால் பச்சை வருகிறது! ஸ்டெய்னர் கறுப்பு பெரும்பாலும் கரிக்கறுப்பு, அதற்குள் ஒரு நீலச் சாயல் ஒளிந்திருக்கிறது. வெள்ளையில் இந்த இரண்டையும் கலந்தால் நான் தேடிய இலை நிறம் சண்டையில்லாமல் வந்துவிட்டது. பள்ளிப் பாடத்தை நம்பி நான் பட்ட பாடு! (இரவில் பல்பு போட்டால் முகப்பு பக்கங்களைவிட ஒரு இழை பழுப்பாகத் தெரியும். எனக்கு மட்டும். கேட்டால் யாரும் ஒப்புக்கொள்வதில்லை.)

இந்தத் தடவை ஸ்பூனை ஒதுக்கிவிட்டு, ஊசியில்லாத 1 மில்லி, 10 மில்லி சிரிஞ்ச் இரண்டு வைத்துக்கொண்டேன். முதலில் 24 மில்லி வெள்ளையில் சின்னதாக ஒரு கலவை. ஒவ்வொரு துளிக்கும் நோட்டில் ஒரு வரி. வெளிர் நிறத்தில்தான் அழுத்தமானதைச் சேர்க்க வேண்டும், தலைகீழாகப் போனால் டின் டின்னாக வெள்ளை குடிக்கும். பிரைமர் (அடிப்பூச்சு) அடித்த அட்டையில் இரண்டு கோட், ஹேர் டிரையரில் காயவைத்துப் பார்த்தது. பிடித்த பிறகு அதையே பத்து மடங்கு பெருக்கிக் கலந்தேன்.

ஸ்டெய்னரில் ஒரு எச்சரிக்கை. லேபிளில் உச்ச அளவு போட்டிருப்பார்கள், அதைத் தாண்டினால் பெயிண்ட் ஒழுங்காகக் காயாமல் பிசுபிசுவென்று நிற்கும். அந்த அளவுக்குள் நின்றால் வெள்ளையில் அடர் கறுநீலம் வராது. அதற்கு வெள்ளை நிறமி குறைவான வேறு பேஸ் (நிறம் சேர்ப்பதற்கான அடிப்படைப் பெயிண்ட்) வேண்டும், அதைக் கடையில் வாங்குவதுதான் வழி. எண்ணெய்ப் பெயிண்டையும் தண்ணீர்ப் பெயிண்டையும் கலக்கக் கூடாது என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும்.

இடையில் ஒரு வயிற்றெரிச்சலையும் கொட்டிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். 'டிசைனா' என்று கேட்ட அதே அண்ணன், அதற்கடுத்த வாரம் என்னுடைய நல்ல பிரஷ்ஷை இரவல் வாங்கிக்கொண்டு போனார், கேட்டுக்கு அடிக்க. மூன்று வாரம் கழித்துக் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்து, "கழுவித்தான் வச்சிருக்கேன்" என்றார். பிரித்தால் முடியெல்லாம் ஒன்றாக ஒட்டி மரத்துண்டு மாதிரி. மேசையில் தட்டினால் டக் என்று சத்தம் வந்தது. "அண்ணா, இது கழுவினதா?" என்றால், "ஒரு பிரஷ்ஷுக்குப் போய் இப்படிப் பேசறியே" என்கிறார். அவருடைய பைக் சாவியை ஒரு நாள் கேட்டுப் பார்க்கட்டும் யாராவது. வீட்டில் கைவேலை செய்கிறவளின் சாமான் மட்டும் எப்படியோ எல்லோருக்கும் பொதுச்சொத்து ஆகிவிடுகிறது. ஐந்து நாள் குனிந்து நிமிர்ந்து அலமாரி தேய்த்ததற்கு 'பொழுதுபோக்கு' என்று பெயர், அவர் ஞாயிற்றுக்கிழமை ஒரு கேட் அடித்தால் அது 'வேலை'. சரி, விடுங்கள்.

மெஷின் விஷயத்துக்கு வருகிறேன். மெஷினின் பெரிய லாபம், எந்த நிறம் எவ்வளவு சேர்ந்தது என்று மூடியில் ஒட்டித் தருகிற அந்தச் சீட்டு. அடுத்த மாதம் அதைக் காட்டினாலும் கிட்டத்தட்ட அதே நிறம் கிடைக்கும். கிட்டத்தட்ட என்றுதான் சொல்கிறேன். இரண்டு டின் வாங்கினால் இரண்டையும் ஒரே வாளியில் ஊற்றிக் கலந்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். பளபளப்பும் ஒன்றாக இருக்க வேண்டும், ஒரே நிறம் பளபளப்பில்லாத 'மேட்' பெயிண்டில் வெளிறியும், பளபளக்கிற 'கிளாஸ்' பெயிண்டில் அழுத்தமாகவும் தெரியும். நான் இப்போது செய்வது இரண்டுக்கும் நடுவில்: ஷேட் கார்டில் கிட்ட வருகிற நிறத்தை மெஷினில் தேவைக்கு மேல் கொஞ்சம் கூடுதலாகவே வாங்கி, வீட்டில் மொத்தத்தையும் ஒரு பாத்திரத்தில் ஊற்றி, என் இஷ்டத்துக்கு நாலு துளி. இதைச் சோம்பேறித்தனம் என்று சொன்னால் சொல்லிக்கொள்ளுங்கள்.

மிச்சத்தைப் பெரிய டின்னிலேயே விட்டால் உள்ளே இருக்கிற காற்றிலேயே ஆடை கட்டிவிடும். சின்னக் கண்ணாடிக் குப்பியில் விளிம்பு வரை ஊற்றி மூடுங்கள். என் குப்பியில் ஒட்டியிருக்கிற சீட்டு: 'வெள்ளை 240, மஞ்சள் ஆக்சைடு 8, கறுப்பு 2.5 மில்லி.' பழைய டின் மூடியையும் எறியவில்லை. 'கறுப்பு கொஞ்சம்' என்று என் கையெழுத்திலேயே சிரிக்கிறது.

உங்கள் அலமாரி என்ன மரம் என்று நீங்கள் சொல்லவில்லை. தேக்கு, மஹாகனி, ஓக் மாதிரி என்றால் வெளிர் நிறத் தண்ணீர்ப் பெயிண்டை நேரே அடிக்காதீர்கள். மரத்துக்குள் இருக்கிற சத்து கசிந்து வந்து மஞ்சளாகவோ பழுப்பாகவோ கறை தட்டும், எத்தனை கோட் அடித்தாலும் மேலே வரும். ஷெல்லாக் (அரக்கு) பிரைமர் ஒரு கோட் அடித்து அதை அடைத்துவிட்டு, நிறம் பார்க்கிற அட்டைக்கும் அதே பிரைமரையே அடியுங்கள்.