பாரிஸ்காரர்கள் திமிர் பிடித்தவர்களா?

கேள்வி: செப்டம்பரில் கணவரும் நானும் பாரிஸ் போகிறோம். ‘அங்கே எல்லாருக்கும் திமிர், ஆங்கிலத்தில் கேட்டால் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்கள்’ என்று பயமுறுத்துகிறார்கள். உண்மையா?
– வாசகி, பட்டர்வொர்த்

பதில்: இந்தப் பெயர் அவர்களுக்கு வந்ததே பெரும்பாலும் ஒரு சொல்லால்தான். நம் ஊர் மாமாக் சாப்பாட்டுக் கடையில் உட்காரும்போதே ‘அண்ணே, தே தாரேக் (இழுத்த டீ) ஒண்ணு’ என்று குரல் கொடுப்போம், யாரும் தப்பாக நினைப்பதில்லை. பாரிஸில் கடையோ பேக்கரியோ மருந்தகமோ, நுழைந்ததும் ‘பொன்ஷூர்’, அதாவது வணக்கம், சொல்லியாக வேண்டும். பேருந்தில் ஏறும்போது ஓட்டுநருக்கும் சொல்வார்கள். அதை விட்டுவிட்டு ‘இது என்ன விலை?’ என்று ஆரம்பித்தால், வீட்டுக்கு வந்தவர் வணக்கம்கூடச் சொல்லாமல் அடுப்படிக்குள் நுழைந்தது போல அவர்களுக்குப் படும். பதிலும் வெடுக்கென்றுதான் வரும்.

ஆகவே ‘பொன்ஷூர் மதாம்’, ஆணாக இருந்தால் ‘பொன்ஷூர் மெஸ்யூ’ சொல்லுங்கள். அவர் திருப்பிச் சொல்லும்வரை பொறுங்கள். பிறகு ‘பார்லே வூ ஆங்க்லே?’ என்று கேளுங்கள். ஆங்கிலம் தெரியுமா என்று அர்த்தம். இப்படிக் கேட்டால் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே பேசுவார்கள். மாலையில் ‘பொன்சுவார்’. கிளம்பும்போது ‘மெர்சி, ஓ ருவார்’: நன்றி, போய் வருகிறேன்.

உணவகத்தில் பில் தானாக வராது. அதை அலட்சியம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். சாப்பிட்டவரை எழுப்பிவிடுவதுதான் அங்கே மரியாதைக் குறைவு. ‘லாதிசியோன், சில் வூ ப்ளே’ என்று நீங்களே கேட்க வேண்டும். சேவைக் கட்டணம் விலையிலேயே அடங்கியிருப்பதால் டிப்ஸ் கட்டாயமில்லை. ‘வாட்டர்’ என்று மட்டும் கேட்டால் காசுக்குப் பாட்டில் வரலாம். ‘உய்ன் கராஃப் தோ’ என்றால் குழாய்த் தண்ணீர் இலவசமாக வரும்.

24 மணி நேரக் கடைக்குப் பழகிய நாம் மாட்டிக்கொள்வது நேரத்தில்தான். பல உணவகங்களில் மதியச் சமையல் 12 மணிக்குத் தொடங்கி 2 அல்லது 2.30க்கு முடிந்துவிடும். அடுத்து இரவு 7 மணிக்குத்தான். மூன்று மணிக்குப் போய் நின்றால் கையை விரிப்பார்கள்.

கேள்வி: சைவமும் கிடைக்காது, மாட்டுக்கறி கலக்காத சாப்பாடும் கிடைக்காது என்கிறார்களே?
– வாசகர், கிள்ளான்

பதில்: கிடைக்கும். ஆனால் பெயரை நம்பி ஆர்டர் கொடுக்காதீர்கள். வெங்காய சூப் பெரும்பாலும் மாட்டெலும்புச் சாற்றில்தான் கொதிக்கிறது. ‘கீஷ் லொரேன்’ என்ற முட்டைப் பை, ‘லார்தோன்’ துண்டுகள் போட்ட சாலட் இரண்டிலும் பன்றி இறைச்சி இருக்கும். மெனுவில் ‘பஃப்’ என்றால் மாடு, ‘போர்’ என்றால் பன்றி. ‘சான் வியாந்த், சான் புவாசோன்’ என்று சொல்லுங்கள்: இறைச்சியும் வேண்டாம், மீனும் வேண்டாம்.

நம் சாப்பாட்டுக்கு ஏங்கினால் கார் து நோர் ரயில் நிலையத்திலிருந்து லா ஷப்பேல் பக்கம் நடந்துபோகலாம். இலங்கைத் தமிழர் கடைகள் வரிசையாக இருக்கின்றன. தோசை, இடியப்பம், கொத்து ரொட்டி எல்லாம் உண்டு. 1985இல் தொடங்கிய மாணிக்க விநாயகர் ஆலயமும் அந்தப் பகுதியில்தான். அதன் தேர் ஆகஸ்ட் கடைசி, செப்டம்பர் தொடக்கத்து ஞாயிறு ஒன்றில் ஓடும். தேதியைப் பார்த்துவிட்டு டிக்கெட் எடுங்கள்.

கேள்வி: ஜேப்படி பற்றிச் சொல்வதும் கட்டுக்கதையா?
– வாசகர், ஈப்போ

பதில்: இல்லை, அது உண்மை. மெட்ரோவில் கதவருகே போனைக் கையில் வைத்திருக்காதீர்கள். கதவு மூடும் நொடியில் பிடுங்கிக்கொண்டு இறங்கிவிடுவார்கள். மோன்மார்த்ர் குன்றின் படிகளில் கையில் நூல் கட்ட வருபவரிடம் கையை நீட்ட வேண்டாம், காசு கேட்பார். கையெழுத்துக் கேட்டு அட்டையை நீட்டினால், அது கவனத்தைத் திருப்பும் தந்திரமாக இருக்கலாம், நிற்காமல் நடங்கள். மெட்ரோ டிக்கெட்டையோ பயண அட்டையையோ வெளியே வரும்வரை வைத்திருங்கள், பரிசோதகர் கேட்கும்போது இல்லையென்றால் அபராதம்.