ஆலிஸ் கழற்றிய மோதிரங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

இங்கிலாந்து மன்னர் மூன்றாம் எட்வர்ட் பற்றிய கட்டுரையில் அவருடைய ஆசைநாயகி ஆலிஸ் பெரர்ஸை ஒரே வரியில் தாண்டிவிட்டீர்கள். சாகக் கிடந்த மன்னரின் விரல்களிலிருந்து மோதிரங்களை உருவிக்கொண்டு ஓடியவள் என்றுதான் நான் படித்திருக்கிறேன். அவளுக்கு ஒரு வரியே அதிகம் என்று விட்டுவிட்டீர்களா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

இடம் போதவில்லை, அவ்வளவுதான்.

மோதிரக் கதையைச் சொல்பவர் தாமஸ் வால்சிங்கம், செயின்ட் ஆல்பன்ஸ் மடத்துத் துறவி. 1377 ஜூன் 21 அன்று ஷீன் அரண்மனையில் எட்வர்ட் இறந்தபோது கட்டிலருகே நின்றவர் அல்ல. ஆலிஸ் கூரை வேய்பவனின் மகள், அழகும் கிடையாது, மந்திரம் தெரிந்த ஒருவனை வைத்து மன்னரை மயக்கிவிட்டாள் என்றெல்லாம் எழுதித் தள்ளுகிறார். இவ்வளவு ஆத்திரம் எதற்கு என்று பார்த்தால், அவருடைய மடத்துக்கும் ஆலிஸுக்கும் ஆக்ஸி என்ற இடத்துப் பண்ணை பற்றி நிலத்தகராறு! வரப்புத் தகராறில் எதிர்க்கட்சிக்காரர் சொல்வதை நாம் எவ்வளவு நம்புவோமோ அவ்வளவுதான் இதையும் நம்பலாம்.

அதற்காக ஆலிஸை உத்தமி ஆக்க நான் வரவில்லை. ராணி ஃபிலிப்பாவின் பணிப்பெண்ணாக இருந்தவர், ராணி உயிரோடு இருக்கும்போதே மன்னருக்கு மகன் பெற்றவர். 1369இல் ராணி இறந்து நான்கு வருஷம் கழித்து, அவருடைய நகைகளையே மன்னர் ஆலிஸுக்குக் கொடுத்தார். 1375இல் ஸ்மித்ஃபீல்டில் நடந்த வீரவிளையாட்டுக்கு ‘சூரிய நாயகி’யாக வேஷம் கட்டி லண்டன் தெருக்களில் ஊர்வலம் போனார். ஊர் வயிறெரியத்தான் செய்யும்.

ஆனால் எனக்கு நகையைவிட நிலம்தான் முக்கியமாகப் படுகிறது. ஐம்பதுக்கும் மேற்பட்ட பண்ணைகளும் வீடுகளும் அவர் கைக்கு வந்தன, அதில் மன்னர் தந்தது சிறு பங்குதான், மற்றதெல்லாம் அவரே பார்த்துப் பார்த்துச் சேர்த்தது. வழக்கு நடக்கும்போது நீதிபதிகள் பக்கத்திலேயே போய் உட்கார்ந்துவிடுவார் என்று புகார். 1376இல், அரசவை ஊழலைத் தட்டிக்கேட்டதால் பின்னாளில் ‘நல்ல பாராளுமன்றம்’ என்று பெயர் பெற்ற பாராளுமன்றம் கூடியபோது, ஆண்டுக்கு இரண்டாயிரம் மூவாயிரம் பவுண்டு இவருக்கே போகிறது என்று மக்களவையின் சார்பில் பேசிய பீட்டர் டி லா மேர் குற்றம் சாட்டினார். பெண்கள், குறிப்பாக ஆலிஸ் பெரர்ஸ், அரசரின் நீதிமன்றங்களில் மற்றவர் வழக்குகளில் தலையிடக்கூடாது என்று பெயர் சொல்லியே ஆணை போட்டார்கள்.

அப்போதுதான் இன்னொன்றும் வெளியே வந்தது. அயர்லாந்தில் மன்னரின் பிரதிநிதியாக இருந்த வில்லியம் வின்சருக்கும் ஆலிஸுக்கும் ரகசியமாகக் கல்யாணம் ஆகியிருந்தது. எனக்குத் தெரியவே தெரியாது என்று மன்னர் சத்தியம் செய்தார், பாவம்.

அந்தக் காலத்து இங்கிலாந்துச் சட்டப்படி கல்யாணமான பெண்ணின் நிலம் புருஷன் ஆளுகைக்குப் போய்விடும். மன்னர் இறந்த சில மாதங்களில் ஆலிஸைத் தனிப்பெண்ணாக விசாரித்துச் சொத்தைப் பறிமுதல் செய்தார்கள். உடனே புருஷன் தரப்பு, அவர் கல்யாணமானவர், தனியாக விசாரித்ததே தப்பு என்று மனுப் போட்டது. மறைத்து வைத்த தாலி சபைக்கு வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். 1380இல் நிலத்தில் பெரும்பகுதி திரும்பி வந்தது, ஆனால் வின்சர் பெயருக்கு. அவர் 1384இல் கண்ணை மூடியதும் அவருடைய உறவுக்காரர் ஜான் வின்சர் நிலத்தைப் பிடித்துக்கொண்டார். ஆலிஸ் மிச்ச வாழ்க்கை முழுக்க கோர்ட்டுக்கு நடந்தார்.

1400 ஆகஸ்டில் எழுதிய உயிலில் அப்மின்ஸ்டர் தேவாலயத்தில் தன்னைப் புதைக்கச் சொல்கிறார், அதற்கான காணிக்கையாக நல்ல எருது ஒன்றைக் கொடுக்கச் சொல்கிறார். அப்புறம், ஜான் பிடித்து வைத்திருக்கும் நிலம் அத்தனையும் என் மகள்களுக்கு, அவனுக்கு அதில் எந்த உரிமையும் கிடையாது, என் ஆன்மா மேல் ஆணை என்கிறார்.

மோதிரம் பற்றி அதில் பேச்சே இல்லை.