காட்டில் குதிரைக்கு இன்னும் வேலை உண்டா?

கேள்வி: மரம் இழுக்கும் இயந்திரங்கள் வந்துவிட்ட பிறகும் ஐரோப்பியக் காடுகளில் குதிரைகளைப் பூட்டுவது ஏன்? வயலிலும் இது நடக்கிறதா?

பதில்: முதன்மையான காரணம் மண். பல டன் எடையுள்ள இயந்திரம் ஈரக் காட்டில் திரும்பத் திரும்ப ஓடினால் மண் இறுகி, வேர்களுக்குக் காற்றும் நீரும் சென்று சேர்வது தடைப்படுகிறது. ஆர்டென், பெர்ஷெரான் போன்ற கனத்த இனக் குதிரையோ நெருங்கி நிற்கும் மரங்களுக்கிடையே புகுந்து, வெட்டிய மரத்தை இயந்திரம் நிற்கும் பாதைவரை இழுத்து வந்துவிடும். அங்கிருந்து ஏற்றிச் செல்வது இயந்திரத்தின் பொறுப்பு. இந்தப் பங்கீடே சிறந்தது என்பது என் உறுதியான கருத்து.

வயலிலும் நடக்கிறது. நவீனக் கருவிகள் பலவற்றைத் தவிர்த்து வாழும் கிறிஸ்தவச் சமூகத்தினரான அமெரிக்காவின் ஆமிஷ் உழவர்கள் பலர், எஞ்சின் பொருத்திய வைக்கோல் கட்டும் இயந்திரத்தைக் குதிரைகளைக் கொண்டு இழுக்கிறார்கள்.

நாள் முழுவதும் உழைக்கும் குதிரையின் இழுவிசை அதன் உடல் எடையில் சுமார் 10 சதவீதத்துக்குள் இருப்பது நல்லது. பாரம் இழுக்க மாட்டும் கழுத்துப்பட்டையைத் தினமும் கவனியுங்கள்: குதிரை தலையை இயல்பாக வைத்து நிற்கும்போது, பட்டையின் அடிப்பகுதிக்கும் தொண்டைக்கும் நடுவே விரல்களை நீட்டிய கை தாராளமாக நுழைய வேண்டும், இறுக்கமான பட்டை மூச்சை அடைக்கும், தளர்ந்த பட்டை தோளைப் புண்ணாக்கும்.