வால்வைத் திறப்பவருக்கும் கணக்குத் தெரியட்டும்: பாசனக் கேள்வி பதில்

பாசனத்தைப் பற்றி வந்த கேள்விகளில் பாதி கருவிகளைப் பற்றியவை, மீதி தண்ணீர் பாய்ச்சும் ஆட்களைப் பற்றியவை. என்னைக் கேட்டால் இரண்டும் ஒரே கேள்விதான். அதனால் கலந்தே பதில் சொல்கிறேன்.

சொட்டுநீர் அமைத்து இரண்டு பருவம் ஆகிறது. தண்ணீர்ச் செலவு மட்டும் பழைய அளவிலேயே நிற்கிறது. குழாயில் கோளாறா?

குழாயிலும் இருக்கலாம். ஆனால் நான் முதலில் பார்ப்பது கடிகாரத்தை. வாய்க்காலில் பாய்ச்சிய காலத்தில் மோட்டார் எத்தனை மணி நேரம் ஓடியதோ, சொட்டுநீருக்கும் அதே நேரம் ஓடுகிற வயல்கள் ஏராளம். குழாய் மாறிவிட்டது, பழக்கம் மாறவில்லை.

கணக்கு சின்னதுதான். ஒரு டிரிப்பர் (குழாயில் நீர் சொட்டும் முனை) மணிக்கு 4 லிட்டர் விடுகிறது. டிரிப்பருக்கு டிரிப்பர் 60 செ.மீ., வரிசைக்கு வரிசை 1.2 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு டிரிப்பரின் பங்குக்கு வரும் நிலம் 0.72 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர் ஊற்றினால் அது 1 மி.மீ. ஆழத் தண்ணீர். ஆக 4-ஐ 0.72-ஆல் வகுத்தால் மணிக்குச் சுமார் 5.6 மி.மீ. பயிருக்கு அன்றைய தேவை 5 மி.மீ., அமைப்பின் திறன் (விடும் தண்ணீரில் பயிருக்குப் போய்ச் சேரும் பங்கு) 90% என்றால், கொடுக்க வேண்டியதும் அதே 5.6 மி.மீ. தான். ஒரு மணி நேரம் ஓடினால் போதும். மூன்று மணி நேரம் ஓட்டினால் மூன்றில் இரண்டு பங்கு வேருக்குக் கீழே இறங்கிவிடும், போகிற போக்கில் நைட்ரேட் உரத்தையும் இழுத்துக்கொண்டு போகும்.

பயிரின் தேவையும் பருவம் முழுக்க ஒன்றாக இருப்பதில்லை. வானிலை நிலையம் தரும் ஒப்பீட்டு ஆவியாதல் அளவை (புல் மூடிய நிலத்திலிருந்து ஒரு நாளில் ஆவியாகும் நீர்), பயிருக்கும் அதன் வளர்ச்சிக்கும் ஏற்ற பயிர்க் கெழு என்ற எண்ணால் பெருக்கினால் அன்றைய தேவை வரும். தக்காளிக்கு அந்தக் கெழு தொடக்கத்தில் 0.6, நடுப்பருவத்தில் 1.15. ஆவியாதல் 6 மி.மீ. உள்ள நாளில் இளஞ்செடிக்கு 3.6 மி.மீ., காய் பிடித்த செடிக்கு 6.9 மி.மீ. கிட்டத்தட்ட இரு மடங்கு வித்தியாசம். இரண்டுக்கும் ஒரே நேரம் ஓட்டினால் ஒன்று வீணாகும் அல்லது மற்றொன்று வாடும்.

வால்வைத் திறக்கிறவருக்கு இந்தப் பெருக்கல் எல்லாம் வேண்டாம். "இந்த வாரம் 1-ஆம் வால்வு 40 நிமிடம், 2-ஆம் வால்வு 70 நிமிடம்" என்று மோட்டார் அறைச் சுவரில் எழுதிவையுங்கள், வாரம் ஒருமுறை மாற்றுங்கள். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: மிச்சமான தண்ணீரை வைத்துப் பயிரிடும் பரப்பைக் கூட்டினால் விளைச்சல் கூடும், ஆனால் கிணற்று மட்டம் ஏறாது. எது வேண்டும் என்பதை முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள்.

ஒரே வரிசையில் முன்னால் உள்ள செடிகள் செழிப்பாகவும் பின்னால் உள்ளவை மெலிந்தும் இருக்கின்றன. அடைப்பு என்று எப்படித் தெரிந்துகொள்வது?

அளந்து பாருங்கள். கண்ணால் பார்த்துச் சொல்கிற வேலை இல்லை இது. நான்கு பக்கக் குழாய்களைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொன்றிலும் தலைப்பு (தண்ணீர் நுழையும் முனை), மூன்றில் ஒரு பங்கு தூரம், மூன்றில் இரண்டு பங்கு தூரம், கடைசி என்று நான்கு டிரிப்பர்கள். மொத்தம் 16. ஒவ்வொன்றின் கீழும் ஒரு நிமிடம் கிண்ணத்தைப் பிடித்து மில்லிலிட்டரில் அளந்து எழுதுங்கள். மணிக்கு 4 லிட்டர் டிரிப்பர் என்றால் நிமிடத்துக்குச் சுமார் 67 மி.லி. வர வேண்டும். பிறகு மிகக் குறைவாக வந்த நான்கின் சராசரியை மொத்தச் சராசரியால் வகுத்து நூறால் பெருக்குங்கள். 90-க்கு மேல் வந்தால் நல்ல நிலை. 80-ஐத் தாண்டினால் பரவாயில்லை. 70-க்குக் கீழே வந்தால் மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு இதைச் சரி செய்யுங்கள்.

மொத்தச் சராசரி 62 மி.லி., மிகக் குறைவாக வந்த நான்கின் சராசரி 43 மி.லி. என்று வைத்துக்கொண்டால் 69% வருகிறது. அந்த மெலிந்த செடிகளுக்குப் போதுமான தண்ணீர் கொடுக்க வேண்டும் என்று கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு நேரம் மோட்டாரை ஓட்டுவீர்கள். மற்ற செடிகளுக்கு அத்தனையும் வீண்.

எண்கள் எப்படி விழுந்திருக்கின்றன என்பதிலேயே காரணமும் தெரியும். தலைப்பிலிருந்து கடைசி வரை சீராகக் குறைந்துகொண்டே போனால் அழுத்தம் போதவில்லை: குழாய் மிக நீளம், அல்லது ஒரே நேரத்தில் அதிக வால்வுகள் திறந்திருக்கின்றன. அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குறைந்தால் அடைப்பு. கடைசி டிரிப்பர்கள் மட்டும் மோசம் என்றால் வண்டல் தேங்கியிருக்கிறது, குழாய் முனையைத் திறந்து தெளிந்த நீர் வரும் வரை ஓடவிடுங்கள்.

ஃபில்டருக்கு முன்னும் பின்னும் ஒரு அழுத்தமானி இருக்கட்டும். இரண்டுக்கும் இடையே 0.5 பார் வித்தியாசம் வந்துவிட்டால் கழுவும் நேரம் வந்துவிட்டது. "வாரம் ஒருமுறை கழுவு" என்று சொல்வதை விட, "முள் இரண்டும் இவ்வளவு விலகினால் கழுவு" என்று சொல்லிக்கொடுப்பது நல்லது. தண்ணீர் கலங்கலாக வரும் வாரத்தில் தினமும் கழுவ வேண்டியிருக்கும்.

சுண்ணாம்புப் படிவுக்கு அமிலம், பாசிக்குக் குளோரின் என்பது வழக்கம். இங்கே மட்டும் குரலை உயர்த்திச் சொல்கிறேன்: இரண்டையும் ஒருபோதும் ஒன்றாகக் கலக்கக் கூடாது, நச்சுவாயு கிளம்பும். அமிலத்தைத்தான் தண்ணீரில் ஊற்ற வேண்டும், தண்ணீரை அமிலத்தில் ஊற்றக் கூடாது. கையுறையும் கண்ணாடியும் இல்லாதவர்களையும், சொல்லிக்கொடுக்கப்படாதவர்களையும் இந்த வேலைக்கு அனுப்பாதீர்கள்.

மண் ஈர உணரி வாங்கலாமா?

வாங்கலாம், ஆனால் அதற்கு முன் மண்வெட்டி. பாய்ச்சிய மறுநாள் வேர் ஆழம் வரை தோண்டிப் பாருங்கள். ஈரம் எதுவரை இறங்கியிருக்கிறது, பக்கவாட்டில் எவ்வளவு பரவியிருக்கிறது என்பது அந்தக் குழியிலேயே தெரிந்துவிடும். ஒரு பிடி மண்ணை எடுத்து அழுத்துங்கள். உருண்டையாக நிற்கிறதா, உதிர்கிறதா, கையில் ஈரம் ஒட்டுகிறதா என்று பாருங்கள். பாய்ச்சுகிற ஆளும் கூடவே நின்று தொட்டுப் பார்க்க வேண்டும். பிறகு உணரி வாங்கினால், அது காட்டும் எண் அவருக்கும் புரியும். மண் தண்ணீரை எவ்வளவு இறுகப் பிடித்திருக்கிறது என்பதைச் சென்டிபார் என்ற அலகில் காட்டும் டென்சியோமீட்டர் எளிய கருவி, விலையும் அதிகமில்லை; எண் கூடினால் மண் உலர்கிறது என்று பொருள். ஆனால் 80 சென்டிபாருக்கு மேல் உலர்ந்த மண்ணில் அது வேலை செய்யாது. எதை வாங்கினாலும் வரப்போரத்தில் நடாதீர்கள். வயலின் சராசரி மண் எங்கே இருக்கிறதோ அங்கே, நல்ல செடி ஒன்றின் அருகே நடுங்கள்.

சொட்டுநீருக்கு வசதி இல்லை. சால் (வரிசைகளுக்கு இடையே இழுத்த பள்ளம்) வழியாகப் பாய்ச்சும் பாசனம்தான். இதில் என்ன மிச்சப்படுத்த முடியும்?

நிறைய. பலர் இதைக் கைவிடப்பட்ட முறை என்று நினைக்கிறார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. பொதுவாகச் சொல்லப்படும் பாய்ச்சல் திறன் மேற்பரப்புப் பாசனத்துக்கு 60%, தெளிப்புநீருக்கு 75%, சொட்டுநீருக்கு 90%. ஆனால் மோசமாக நடத்தப்படும் சொட்டுநீரை நன்றாக நடத்தப்படும் சால் பாசனம் தோற்கடித்துவிடும்.

சாலில் நடக்கும் இழப்பு எல்லாம் நேர வித்தியாசத்தில்தான். மண் தேவையான ஈரத்தை உறிஞ்ச 4 மணி நேரம் ஆகிறது என்றால், தண்ணீர் கடைசி வரை போய்ச் சேர 1 மணி நேரத்துக்கு மேல் ஆகக் கூடாது. கால் பங்கு என்பது பழைய விதி, இன்றும் நல்ல விதி. போய்ச் சேரவே 4 மணி நேரம் ஆனால், கடைசிக்கு 4 மணி நேரம் ஈரம் கொடுப்பதற்குள் தலைப்பு 8 மணி நேரம் குடித்திருக்கும்.

அதற்கு என்ன செய்வது? ஒரே நேரத்தில் குறைந்த சால்களைத் திறந்து ஒவ்வொன்றிலும் வேகமாக விடுங்கள், மண் அரிக்காத அளவுக்கு. கடைசியைத் தொட்டதும் ஓட்டத்தைக் குறையுங்கள். நீளமான சால்களைப் பாதியாக வெட்டுங்கள். நிலத்தைச் சமன்படுத்த ஒருமுறை செலவழித்தால் பல பருவங்களுக்கு அது தண்ணீராகத் திரும்பி வரும். இன்னொரு வழி, விட்டு விட்டுப் பாய்ச்சுவது: கொஞ்ச நேரம் விட்டு நிறுத்தினால் நனைந்த மண்ணின் மேல்பரப்பு இறுகும், அடுத்த முறை தண்ணீர் அதன் மேல் விரைந்து ஓடும். வெடிப்பு விடும் களிமண்ணை விட லேசான மண்ணில் இதன் பலன் அதிகம்.

தண்ணீர் எப்போது கடைசியைத் தொட்டது என்று பாய்ச்சுகிறவர் குறித்து வைக்கட்டும். ஒரு குறிப்பேடும் கைக்கடிகாரமும் போதும்.

நெல்லுக்கு எப்போதும் தண்ணீர் நிற்க வேண்டுமா?

வேண்டாம். காய்ச்சலும் பாய்ச்சலுமாக விடலாம். சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் பரப்பிய முறை எளிது: சுற்றிலும் துளையிட்ட 30 செ.மீ. குழாய் ஒன்றைப் பாதி மண்ணுக்குள் இறக்கி, உள்ளே இருக்கும் மண்ணை எடுத்துவிடுங்கள். குழாய்க்குள் நீர்மட்டம் தரைக்குக் கீழே 15 செ.மீ. போனதும் 5 செ.மீ. உயரத்துக்குப் பாய்ச்சுங்கள். நட்டு இரண்டு வாரம் கழித்துத் தொடங்கலாம், களை அதிகமென்றால் இன்னும் தள்ளிப்போடுங்கள். பூக்கும் சமயத்தில் மட்டும், முன்னும் பின்னும் ஒரு வாரம், தண்ணீர் நிற்கட்டும். 30% வரை தண்ணீர் மிச்சமாகும். வயலிலிருந்து கிளம்பும் மீத்தேனும் நன்றாகக் குறையும்.

ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்தால் வேறு இடத்துக்குப் போய்விடுகிறார்கள். பிறகு எதற்குப் பயிற்சி?

பயிற்சி இல்லாதவர் போகாமல் தங்கிவிட்டால் அந்தச் செலவு இன்னும் பெரியது, அதை யாரும் எழுதி வைப்பதில்லை. ஆனாலும் உங்கள் கவலை நியாயம்தான்.

முதலில், ஒரே ஆளிடம் எல்லாவற்றையும் கொடுத்து வைக்காதீர்கள். ஒவ்வொரு வேலையும் இரண்டு பேருக்குத் தெரிந்திருக்கட்டும். மோட்டார், ஃபில்டர், உரத்தொட்டி என்று வந்தாலே ஆண்களை மட்டும் கூப்பிடுகிற பழக்கம் பல இடங்களில் உண்டு. வரிசையில் நாள் முழுக்க நிற்கிற பெண்கள்தான் கசிவையும் வாடலையும் முதலில் பார்க்கிறார்கள், அவர்களைப் பயிற்சியில் சேர்க்காமல் விடுவது வீண்.

அப்புறம், கற்றுக்கொடுக்கும் முறை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்கத் தொழிற்சாலைகளில் புது ஆட்களை விரைவாகப் பழக்க நான்கு படி முறை ஒன்றைக் கொண்டுவந்தார்கள். ஆளைத் தயார்படுத்து, செய்து காட்டு, செய்ய வை, பிறகும் கவனி. வயலுக்கும் அப்படியே பொருந்தும். மூன்றாவது படியில்தான் எல்லோரும் சறுக்குகிறார்கள், செய்து காட்டிவிட்டு "புரிந்ததா?" என்று கேட்டால் எவரும் "புரிந்தது" என்றுதான் சொல்வார். அவரையே செய்ய வையுங்கள், ஏன் அப்படிச் செய்கிறார் என்று அவர் வாயாலேயே சொல்ல வையுங்கள். ஃபில்டரைக் கழட்டும் முன் அழுத்தத்தை ஏன் இறக்க வேண்டும் என்று சொல்லத் தெரியாதவர் இன்னும் கற்றுக்கொள்ளவில்லை.

கடைசியாக, கூலி. 16 டிரிப்பர் சோதனையைத் தனியாகச் செய்யத் தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் ஒரே கூலி என்றால், தெரிந்தவர் ஏன் இருக்கப்போகிறார்?

ஆட்கள் சொன்னதைக் கேட்பதில்லை. மண் ஈரமாகத்தான் இருக்கிறது என்றாலும் பாய்ச்சிவிடுகிறார்கள்.

அவர் இடத்தில் நின்று பாருங்கள். பயிர் வாடினால் திட்டு விழுகிறது. தண்ணீர் வீணானால் யாருக்கும் தெரிவதில்லை. எவராக இருந்தாலும் கூடுதலாகத்தான் பாய்ச்சுவார்.

நீர் அளவி ஒன்றைப் பொருத்தி, தொடங்கும்போதும் முடிக்கும்போதும் எண்ணைக் குறிக்கச் சொல்லுங்கள். 1 ஹெக்டேரில் 1 மி.மீ. என்பது 10,000 லிட்டர், அதாவது அளவியில் 10 கன மீட்டர். இந்த ஒரு மாற்றத்தை மட்டும் சொல்லிக்கொடுத்தால் அவரே கணக்குப் பார்க்கத் தொடங்குவார். கூடவே, மண் ஈரமாக இருந்தால் பாய்ச்சாமல் விட அவருக்கு அனுமதி கொடுங்கள். அப்படி விட்ட நாளில் கேள்வி கேட்காதீர்கள்.

வகுப்பறைப் பாடத்தை நான் அவ்வளவாக நம்புவதில்லை. ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு 1989-இல் இந்தோனேசியாவில் நெற்பயிர்ப் பூச்சி மேலாண்மைக்காகத் தொடங்கிய உழவர் வயல்வெளிப் பள்ளி, பருவம் முழுக்க ஒரு குழு வயலில் கூடி, தானே பார்த்து, தானே முடிவெடுக்கும் ஏற்பாடு. பாசனத்துக்கும் அதைச் செய்யலாம். ஒரு பாத்தியில் வழக்கம்போல், பக்கத்துப் பாத்தியில் கணக்குப்படி பாய்ச்சி, அறுவடை வரை இரண்டையும் ஆட்களே ஒப்பிடட்டும்.

சொட்டுநீரில் உரம் விடும்போது எப்போது தொடங்க வேண்டும்?

ஓட்ட நேரத்தை நான்காகப் பிரியுங்கள். முதல் கால் பங்கு வெறும் தண்ணீர், நடுவில் பாதி நேரம் உரம், கடைசிக் கால் பங்கு மறுபடி வெறும் தண்ணீர். 60 நிமிடம் என்றால் 15, 30, 15. கால்சியம் உள்ள உரத்தைப் பாஸ்பேட், சல்பேட் உரங்களுடன் ஒரே தொட்டியில் கரைக்காதீர்கள், படிவு உண்டாகிக் குழாயை அடைக்கும். பின்னோட்டத் தடுப்பு வால்வு இல்லாமல் தொடங்கவே தொடங்காதீர்கள்; மோட்டார் நின்றால் உரம் கிணற்றுக்குள் போய்விடும்.

தூறல் விழுகிறது. சொட்டுநீரை நிறுத்திவிடலாம்தானே?

நல்ல தண்ணீர் என்றால் நிறுத்தலாம். உப்புத் தண்ணீர் என்றால் நிறுத்தாதீர்கள். சொட்டுநீரில் உப்பு நனைந்த வட்டத்தின் ஓரத்திலும் மண்ணின் மேல்பரப்பிலும் சேர்ந்துகொண்டே வரும். பெருமழை அதை ஆழத்துக்கு அடித்துச் சென்றுவிடும், சிறு தூறலோ கரைத்து நேராக வேருக்குள் இறக்கிவிடும். தூறல் முடியும் வரை சொட்டுநீர் ஓடினால் உப்பு வெளியே தள்ளப்பட்டே இருக்கும். மழையில் மோட்டாரை ஓட்டச் சொன்னால் ஆட்கள் சிரிப்பார்கள், அதனால் காரணத்தை முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.