விசாவில் இருந்துகொண்டு அதிகாரத்தைப் பற்றி ஆராயலாமா?

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். மனிதர்களும் இடங்களும் எப்படிப் பிணைந்திருக்கின்றன என்று படிக்கும் மனிதப் புவியியல் முதுகலைக்காக லண்டன் வந்து மூன்று வாரம் ஆகிறது, ஈஸ்ட் ஹாமில் நாலு பேரோடு ஒரு அறையில் இருக்கிறீர்கள். "அதிகாரம், எதிர்ப்பு என்று ஆராய்ந்து இங்கே பேராசிரியர் ஆக முடியுமா? விசாவில் இருப்பவன் இதையெல்லாம் தொடலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். நான் 2009இல் இதே படிப்புக்கு வந்தவன். இப்போது இங்கேயே பாடம் நடத்துகிறேன். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் ஒரு வேலை செய்யுங்கள். ஒரு நாள் விடியற்காலை நாலரைக்கு எழுந்து, இல்ஃபோர்டிலிருந்து மைல் எண்ட் வழியாகப் போகும் 25ஆம் எண் பேருந்தில் ஏறுங்கள். கோட்டுக்குள்ளே சீருடை, மடியில் சாப்பாட்டு டப்பா, ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கும் முகங்கள். நகரத்து அலுவலகங்களைத் துடைத்துவிட்டு, நாம் எழுவதற்குள் வெளியே வந்துவிடுகிறவர்கள் இவர்கள். அந்தப் பாதையில் இருக்கும் குயின் மேரி பல்கலைக்கழகத்தில்தான் புவியியல் பேராசிரியர் ஜேன் வில்ஸ் வேலை பார்த்தார். வாழப் போதுமான கூலி கேட்டு கிழக்கு லண்டனில் 2001இல் தொடங்கிய வாழ்வூதியப் போராட்டத்தோடு சேர்ந்து, துப்புரவுப் பணியாளர்களின் கூலியையும் அவர்கள் எங்கிருந்து வந்தவர்கள் என்பதையும் ஆராய்ந்தார். 2006இல் அந்தப் பல்கலைக்கழகமே வாழ்வூதியத்துக்கு ஒப்புக்கொண்டது. 2008இல் துப்புரவு வேலையை ஒப்பந்தக்காரரிடமிருந்து எடுத்துத் தன் நேரடி வேலையாக்கியது. இந்தத் துறை என்ன செய்ய முடியும் என்று யாராவது கேட்டால் நான் காட்டுவது இதைத்தான்.

இன்னொரு பக்கமும் உண்டு. லண்டனிலேயே இருக்கும் சோவாஸ் (SOAS) கல்லூரியில் துப்புரவுப் பணியாளர்கள் சங்கம் கட்டி, கூலி உயர்வும் வாங்கினார்கள். 2009 ஜூன் 12 காலை அவர்களைக் கூட்டம் என்று அழைத்தார்கள். அங்கே குடிவரவு அதிகாரிகள் காத்திருந்தார்கள். ஒன்பது பேரைப் பிடித்தார்கள், பலரை நாட்டைவிட்டே அனுப்பினார்கள். கூட்டம் நடத்தும் அறை அன்று கைது செய்யும் அறையானது. நான் வந்த வருடம் அது. என் பையிலும் ஒரு விசா இருந்தது.

புவியியலாளர் டோரீன் மாஸியை நீங்கள் முதல் மாதமே படிப்பீர்கள். மான்செஸ்டர் பக்கத்துத் தொழிலாளர் குடும்பத்துப் பெண், முனைவர் பட்டம் வாங்காதவர், 1982 முதல் 2009 வரை பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். உலகம் சுருங்குகிறது என்று எல்லோரும் பேசிய காலத்தில், யாருக்குச் சுருங்குகிறது என்று கேட்டவர். ஒருவர் நினைத்தபோது விமானம் ஏறுகிறார், இன்னொருவர் எல்லையில் கைரேகை கொடுத்துக் காத்துக் கிடக்கிறார். இதை அவர் 'அதிகார வடிவியல்' என்றார். கள ஆய்வுக்குப் போகும்போது உங்கள் வகுப்பில் பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் டிக்கெட் மட்டும் எடுப்பார். நீங்கள் பல இடங்களுக்கு விசாவுக்கு வரிசையில் நிற்பீர்கள். அந்த வேறுபாட்டை மறைக்காமல் ஆய்வில் எழுதுங்கள். நான் அதை எழுத ஐந்து வருடம் தயங்கினேன், அது என் தவறு.

வேலை விஷயம். முனைவர் பட்டத்துக்கு மூன்று நாலு வருடம். அரசு உதவித்தொகைக்கு 2021 முதல் வெளிநாட்டு மாணவரும் போட்டியிடலாம். ஆனால் ஒரு வருடம் எடுக்கும் மாணவர்களில் பெரும்பாலும் 30 விழுக்காடு வரைதான் நமக்கு. பட்டம் வாங்கியதும் நிரந்தர வேலை கிடைக்கும் என்று வீட்டில் சொல்லிவிடாதீர்கள். எனக்கு முதலில் கிடைத்தது ஒன்பது மாத ஒப்பந்தம், அப்புறம் ஒரு வருடம், அப்புறம் இன்னொரு ஊர். 'லெக்சரர்' ஆவதே பெரிய படி. 'புரொஃபசர்' என்ற பட்டம் இங்கே பல வருடம் கழித்துச் சிலருக்குத்தான் வரும். இப்போது மாணவ விசாவில் இருக்கிறீர்கள், பாடம் நடக்கும் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் ஒரு நிமிடம்கூட வேலை செய்யாதீர்கள். கடைக்காரர் அண்ணன் "யாருக்குத் தெரியப்போகிறது" என்பார். கேட்காதீர்கள்.

விசாவில் இருப்பவன் தொடலாமா என்றீர்கள். 2018 பிப்ரவரி, மார்ச்சில், பென்ஷனுக்காகப் பல்கலைக்கழக ஆசிரியர்கள் 14 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கொட்டும் பனியில் வாசலில் தோழர்கள் நின்றார்கள். அந்த நாட்கள் விசா கணக்கில் எனக்கு எதிராக விழுமா என்று அலுவலகத்தில் கேட்டேன், ஆளுக்கொரு பதில் சொன்னார்கள். நான் முதல் நாலு நாளும் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தேன். ஐந்தாம் நாள் தாங்க முடியாமல் போனேன். யாரும் ஏன் வரவில்லை என்று கேட்கவில்லை, ஒருவர் ஃபிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தார். அந்த ஜூலையில்தான், சட்டப்படியான வேலைநிறுத்தம் விசாவைப் பாதிக்காதபடி விதியை மாற்றுவதாக அரசு சொன்னது. எதிர்ப்பைப் பற்றிப் பாடம் நடத்துகிறவன் அந்த நாலு நாளை மறக்க முடியாது தம்பி. பயம் எப்படி வேலை செய்கிறது என்று அன்றுதான் எனக்குப் புரிந்தது.

அதனால், தொடலாம். ஆனால் நீங்கள் பேட்டி எடுக்கும் ஆளுக்கு உங்களைவிடப் பலவீனமான விசா இருக்கலாம், விசாவே இல்லாமலும் இருக்கலாம். பெயர், வேலை செய்யும் கட்டிடம், ஷிஃப்ட் நேரம் எதையும் குறிப்பேட்டில் அப்படியே எழுதாதீர்கள். நீங்கள் பட்டம் வாங்கிப் போன பிறகும் அவர்கள் அதே பேருந்தில்தான் ஏறுவார்கள்.

ஆய்வுக் கேள்வியை ஒரு பக்கத்தில் தமிழிலேயே எழுதி அனுப்புங்கள். சனிக்கிழமை மைல் எண்டில் உட்கார்ந்து பேசலாம், ஈஸ்ட் ஹாமிலிருந்து டிஸ்ட்ரிக்ட் லைனில் நேராக வந்துவிடலாம்.